கொட்டகைக்கு இந்தப் பக்கத்துக் குழாய்

ஓர் ஊரின் குடிதண்ணீர் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று எழுபத்தோரு வயதில் நான் கடவுளிடம் வேண்டிக்கொண்டேன். அந்தக் குழாயில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாய் வைத்துக் குடிப்பதைக் கண்ணால் பார்த்த பிறகும் வேண்டிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வேண்டுதலை மாற்றிக்கொள்ளவில்லை.

நானும் என் கணவன் லயலும் துவூம்பா வீட்டை விற்றுவிட்டுக் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீடான கேரவனில் ஏறிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. குளிர் தொடங்கினால் வடக்கே போவோம், வெயில் ஏறினால் தெற்கே திரும்புவோம். லயல் வேலைக்காலம் முழுக்கப் பள்ளிப் பேருந்து ஓட்டியவன். ஒரு பிள்ளையைக்கூடத் தப்பான நிறுத்தத்தில் இறக்கிவிட்டதில்லை என்று பெருமையடித்துக்கொள்வான். வளைகுடாக் கரைக்குப் போய் ஒரு பாரமுண்டி மீனாவது பிடித்துவிட வேண்டும் என்பது அவன் ஆசை. ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒன்று வந்து தடுத்துக்கொண்டே இருந்தது. இந்த வருஷம் எப்படியும் போய்விடுவது என்று கிளம்பி, வழியில் முல்காரா ஊரின் கண்காட்சி மைதானத்தில் தங்கினோம்.

மைதானத்தின் நடுவே ஒரு தகரக் கொட்டகை. அதற்கு இந்தப் பக்கம் ஒரு குழாய் இருந்தது, குடிப்பதற்கு. அந்தப் பக்கம் இன்னொன்று, கேரவன்காரர்கள் கக்கூஸ் பெட்டியைக் கொட்டிக் கழுவுவதற்கு. அதில் மாட்டியிருக்கும் ரப்பர் ஹோஸைப் பெட்டியின் வாய்க்குள் திணித்துத்தான் எல்லோரும் அலசுவார்கள். குடிக்கக் கூடாது என்று சிவப்பு எழுத்தில் பலகையும் மாட்டியிருக்கிறது. வந்திறங்கிய அன்று லயல் இரண்டு கேன்களைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நாலைந்து நடை போய்வந்து எங்கள் தொட்டியை நிரப்பினான். நான் உள்ளே உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் போனான் என்று எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவும் இல்லை, ஏனென்றால் தண்ணீர் விஷயத்தில் எங்கள் கேரவன் கூட்டத்துக்கே அவன்தான் வாத்தியார். புதிதாகக் கேரவன் வாங்கி வருகிறவர்களைப் பிடித்து உட்கார வைத்து, "நீல ஹோஸ் வாய்க்கு, கறுப்பு ஹோஸ் குண்டிக்கு. இது ஒண்ணை மறந்தா நேரா சொர்க்கந்தான்" என்று பாடம் நடத்துவான்.

மறுநாளே எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதற்கு அடுத்த நாள் எழுந்து நிற்க முடியவில்லை. பக்கத்துக் கேரவன் கோரல்தான் என்னைத் தன் வண்டியில் போட்டு ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். சிறுநீரகம் வரைக்கும் போய்விட்டது, இன்னும் ஓர் இரவு தாமதித்திருந்தால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். லயலுக்கு ஒன்றுமில்லை. அவன் தண்ணீரைத் தண்ணீராகக் குடிக்கிற ஜாதி இல்லை. கொதிக்கக் கொதிக்க டீ, இல்லாவிட்டால் பீர். மாத்திரை போட்டுக்கொள்ளக் குழாயைத் திறந்து மடமடவென்று குடிப்பவள் நான்தான்.

நர்ஸ் சந்தேகப்பட்டு ஊர்க் கவுன்சிலுக்குச் சொல்லியிருக்கிறாள். அங்கே தண்ணீர்ப் பிரிவில் வேலை பார்க்கும் பெவன் வந்து எங்கள் கேரவன் குழாயில் ஒரு பாட்டில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். தொட்டி முழுக்க மலக்கிருமி என்று முடிவு வந்தது. நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும்போதே என் மகள் ஜனெல் துவூம்பாவிலிருந்து போன் செய்தாள்.

"அப்பாதானே தண்ணி புடிச்சார்?"

"ஊர்த் தண்ணியே நாறியிருக்கும். அவனை ஏன் இழுக்கற?"

"கேஸைத் தொறந்து விட்டுட்டு வெளிய உலாத்தப் போனாரே, அதுவும் ஊரோட தப்பா?"

"யாருக்குத்தான் மறதி இல்ல."

"யாரோ முன்னப்பின்ன தெரியாதவங்க கேரவன்ல போய் உக்காந்து சாப்பாடு எங்கன்னு கேட்டிருக்காரும்மா."

"எல்லாக் கேரவனும் வெள்ளையாத்தான் இருக்கு. எனக்கே குழம்புது."

"அவரை ஏன் நீ இப்பல்லாம் வண்டி ஓட்ட விடறதில்ல?"

"கண்ணு சரியில்ல."

ஜனெல் அழுதாள். அழுதுகொண்டே, இங்கே ஒரு முதியோர் விடுதியில் பேசி வைத்திருக்கிறேன், மறதிக்காரர்களை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள், நீ சாகிறவரைக்கும் நான் காத்திருக்க மாட்டேன் என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் கையில் ஊசியோடு படுத்துக்கொண்டு எவ்வளவுதான் கத்த முடியும்? கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். கொட்டகைக்கு இந்தப் பக்கத்துக் குழாயைச் சோதித்துப் பார்ப்பது. அது கெட்டிருந்தால் தப்பு ஊருடையது. வளைகுடா போய்ச் சேரும்வரை ஜனெல் வாயைத் திறக்கக் கூடாது. அது சுத்தமாக இருந்தால் லயல் அந்தப் பக்கம் போயிருக்கிறான் என்று அர்த்தம். நான் வண்டியைத் துவூம்பாவுக்குத் திருப்பிவிட வேண்டும். சரி என்று சொல்லிவிட்டுத்தான் அந்த வேண்டுதலைத் தொடங்கினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முதல் வேலை தொட்டியைக் கழுவுவது. எனக்கு உடம்பில் தெம்பில்லை. ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு அதிகாரம் மட்டும் செய்தேன். கோரல் கேரவனுக்கு அடியில் மல்லாந்து படுத்து அடிமூடியைத் திருகித் திறந்தாள். தண்ணீர் செம்மண்ணில் கொட்டி ஓடியது. பார்வைக்குப் பளிங்கு மாதிரிதான் இருந்தது. அதுதான் என்னை ஆத்திரப்படுத்தியது.

"தவளை ஏதாச்சும் வருதா பாரு கோரல்," என்றேன். "காத்துக்குழாய் வழியா உள்ள பூந்து செத்திருக்கும்."

"ஒண்ணையும் காணோம்."

"நல்லா பாரு. கால் கையாவது வந்திருக்கும்."

"செத்த தவளைக்கு இப்படி ஏங்குற பொம்பளைய நான் இப்பதான்டி பாக்கறேன்," என்றாள் கோரல். அவள் சலூன் நடத்தியவள். கத்திரியைவிட வாய்தான் அதிகம் வேலை செய்திருக்கும்.

வடிகட்டியைக் கழற்றிக் குப்பையில் போட்டோம். கவுன்சில் லாரியிலிருந்து நல்ல தண்ணீர் வந்தது. வாசனை சேர்க்காத பிளீச்சை அளந்து ஒரு கேன் தண்ணீரில் கலந்து தொட்டியில் ஊற்றி, மேலே கழுத்துவரை நிரப்பினோம். பிறகு சமையல் குழாய், கைகழுவும் குழாய், குளியல் குழாய் என்று ஒவ்வொன்றாகத் திறந்து, நீச்சல்குளத்து வாடை மூக்கில் ஏறுகிறவரை ஓடவிட்டு மூட வேண்டும். எந்த மூலையிலும் பழைய தண்ணீர் தங்கிவிடக் கூடாது. குழாய் திறக்கிற வேலையை லயலுக்குக் கொடுத்தேன். சும்மா இருந்தால் அவன் முகம் வாடிவிடும்.

உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான். "வெர்னா, பிளீச் ஊத்தியாச்சா?"

"ஊத்தியாச்சு."

ஒரு குழாயைத் திறந்து மூடினான். மறுபடியும் தலை வந்தது. "பிளீச் ஊத்தியாச்சா?"

"ஊத்தியாச்சுன்னு சொன்னேனே. வாசனை வரல?"

"வருது, வருது."

அடுத்து நான் திரும்பிப் பார்த்தபோது அவன் பிளீச் புட்டியின் மூடியைத் திறந்து தொட்டி வாயருகே சாய்த்துக்கொண்டிருந்தான். எனக்கு எங்கிருந்து பலம் வந்ததோ தெரியவில்லை, எழுந்து ஓடிப்போய்ப் பிடுங்கினேன். "கண்ணாடி எங்க? கண்ணாடி போடாம எதையும் தொடாதேன்னு எத்தனை தடவ சொல்றது?" என்று கோரலுக்குக் கேட்கும்படி சத்தம் போட்டேன். லயல் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடினான். அது அவன் மூக்கின்மேலேயே இருந்தது.

அவன் உள்ளே போன பிறகு கோரல் கையைத் துடைத்தபடி பக்கத்தில் வந்து நின்றாள்.

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டினேன். கண்புரையாம். ஆபரேஷன் பண்ணிக்கலாம்."

"நான் கண்ணைப் பத்திக் கேக்கல வெர்னா."

"உன் புருஷன் போனப்புறம் உனக்கு ஊரான் புருஷனைப் பத்தித்தான் கவலை," என்றேன். சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கோரல் கோபப்படவில்லை. குனிந்து காலிக் கேனை எடுத்து, அதற்குள்ளும் பிளீச் தண்ணீரை ஊற்றிக் குலுக்கினாள். உயிரைக் காப்பாற்றினவளிடம் பேசுகிற பேச்சா அது? மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

ராத்திரி முழுக்கத் தண்ணீரை அப்படியே விட்டோம். மறுநாள் அத்தனையையும் திறந்துவிட்டு, வாடை போகிறவரை நல்ல தண்ணீர் விட்டு விட்டு அலசினோம். அதற்கும் மறுநாள் பெவன் ஓர் ஐஸ் பெட்டியோடு வந்தார். நாற்பது வயதிருக்கும், சிரித்த முகம். சமையல் குழாயின் வாயை ஸ்பிரிட்டால் துடைத்தார், கொஞ்ச நேரம் ஓடவிட்டார், மூடியின் உட்புறம் விரல் படாமல் சின்ன பாட்டிலில் பிடித்தார்.

"அவ்ளோதான் வெர்னா. சாயங்கால பிளேன்ல போயிடும். நாளன்னிக்குத் தெரிஞ்சுடும்."

"கொட்டகைக்கு இந்தப் பக்கத்துக் குழாயிலயும் ஒண்ணு எடுங்க."

"ஊர்த் தண்ணிய வாராவாரம் பாக்கறோமே."

"எங்க எடுத்துப் பாக்கறீங்க?"

"பெரிய டேங்குக்குக் கீழ."

"அது ஊருக்கு அந்தக் கோடி. இந்தக் குழாய்ல எடுத்திருக்கீங்களா?"

பெவன் தலையைச் சொறிந்தார். "இது லைனோட கடைசி முனை. எடுத்து ரொம்ப நாளாச்சுதான்."

"கடைசி முனைன்னா கெட்டுப்போக வாய்ப்பிருக்கா?"

"இருக்கு. பழைய இரும்புப் பைப் வேற. எங்கயாவது விரிசல் விட்டிருந்தா உள்ள இழுக்கும்." ஐஸ் பெட்டியிலிருந்து இன்னொரு பாட்டிலை எடுத்தவர் என்னைப் பார்த்தார். "உங்களுக்கு இது நல்லா இருக்கணுமா, கெட்டிருக்கணுமா?"

"எனக்கு உண்மை தெரியணும்," என்றேன். பொய். எனக்கு விரிசல்தான் தேவைப்பட்டது.

அந்த இரண்டு நாளும் லயல் அவ்வளவு நன்றாக இருந்தான். வேண்டுமென்றே என்னை ஏமாற்றுகிறானோ என்றுகூட நினைத்தேன். சீட்டாட்டத்தில் கோரலை இரண்டு தடவை மண்ணைக் கவ்வ வைத்தான். தன் பழைய பேருந்து வழியில் எந்த நிறுத்தத்தில் எந்தப் பிள்ளை ஏறும், எது வாந்தி எடுக்கும், எது காசு தொலைத்துவிட்டு அழும் என்று வரிசையாகச் சொன்னான். தூண்டிலுக்குப் புது நரம்பு சுற்றினான். வளைகுடாவில் எந்தக் கரையில் உட்கார வேண்டும், எந்த நேரத்தில் மீன் கடிக்கும் என்று என்னிடம் பேசிக்கொண்டே இருந்தான். பெவனிடம் இந்தக் குழாயைச் சோதிக்கச் சொல்லாமலே விட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. இவனை ஒரு கட்டடத்தில் விட்டுவிட்டு நான் மட்டும் எந்தக் கட்டிலில் தூங்குவேன்?

இரண்டாம் நாள் மைதானத்தில் பள்ளிக்கூட ஓட்டப் பந்தயம். ஓடி முடித்த பிள்ளைகள் புழுதியும் வியர்வையுமாக வந்து அந்தக் குழாயைச் சூழ்ந்துகொண்டு குடித்தார்கள். ஒரு சின்னப் பெண் தலையை நீட்டி முடியெல்லாம் நனைத்துக்கொண்டாள். நான் ஜன்னலருகே உட்கார்ந்து பார்த்தேன். போய் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும், இல்லையா? தண்ணீர் கெட்டது என்று உண்மையிலேயே நம்புகிறவள் ஓடிப்போய்த் தடுத்திருப்பாள். நான் எழுந்திருக்கவில்லை. எனக்கு விடை அப்போதே தெரிந்திருந்தது.

சாயங்காலம் வழக்கம்போல ஆளாளுக்கு மடக்கு நாற்காலியும் குடிக்கிறதும் எடுத்துக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தோம். எல்லா மைதானத்திலும் இதுதான் எங்கள் பழக்கம். யார் எங்கிருந்து வந்தாலும் நாலு மணிக்கு வட்டத்தில் இடம் உண்டு. பெவன் லாரியை நிறுத்திவிட்டு, தொப்பியை உயர்த்தியபடி சிரித்துக்கொண்டே வந்தார்.

"நல்ல சேதி. ரெண்டும் வந்துடுச்சு. வெர்னாவோட டேங்க் சுத்தம். இந்தக் குழாயும் சுத்தம். ரெண்டுலயும் ஒரு கிருமி இல்ல."

வட்டம் முழுக்கக் கைதட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். "இனிமே எங்களுக்குக் காப்பி வெர்னா வீட்லதான்," என்றார் எதிரே இருந்த கிழவர். லயலும் எல்லோரையும் பார்த்து பீர் டப்பாவைத் தூக்கினான். நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். கோரல் மட்டும் தட்டவில்லை. தன் நாற்காலியை என் பக்கமாக நகர்த்திப் போட்டு, என் முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டாள். நான் அவளைப் பேசிய பேச்சுக்குப் பிறகும் வைத்தாள்.

பெவன் போன பிறகு பேச்சு மழைக்கும் டீசல் விலைக்கும் மாறியது. லயல் டப்பாவைக் குடித்து முடிக்காமல் தரையில் வைத்தான். வெயில் இன்னும் இருந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. அவன் எழுந்து நாற்காலியை மடித்து, கேரவனுக்குள் போனான். நானும் பின்னாலேயே போனேன்.

சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். கைகளை மேசைமேல் விரித்து வைத்திருந்தான்.

"இந்தப் பக்கத்துக் குழாய் சுத்தமாம்," என்றான்.

"ஆமா."

"அப்போ நான் அந்தப் பக்கம் போயிருக்கேன்."

"அப்படின்னு யார் சொன்னது? புழுதி உள்ள போயிருக்கும். இல்ல, ஏதாவது தவளை..."

"தவளையா?" என்றான். லேசாகச் சிரித்தான். "வேணாம் வெர்னா."

நான் எதிரே உட்கார்ந்தேன்.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு," என்றான். "அதான் எனக்குப் பயமா இருக்கு. இந்தப் பக்கத்துக் குழாய்லதான் நின்னேன். கேன் நிரம்புற சத்தம் காதுல இருக்கு. பக்கத்துல ஒரு செவலை நாய் படுத்திருந்துச்சு, அதோட ஒரு காது கிழிஞ்சிருந்துச்சு. இப்பவும் அப்படியே கண்ணுல நிக்குது. அது நடக்கவே இல்லையாம். அது நடக்கலைன்னா, நான் நம்பிக்கிட்டிருக்கிறதுல இன்னும் எதெல்லாம் நடக்கல?"

"எதுக்கு இப்ப இதெல்லாம்..."

"நீ செத்துப் போயிருந்தா," என்றான், "இந்த ஊரையே கேஸு போட்டு நாறடிச்சிருப்பேன். பெவன் சட்டையப் புடிச்சிருப்பேன். உன்னைக் கொன்னது நான்தான்னு எனக்குத் தெரியாமலே போயிருக்கும்."

எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. அவன் எழுந்து வந்து தோளைத் தொடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் அலமாரியிலிருந்து போனை எடுத்துவந்து கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம் நீட்டினான்.

"ஜனெல் பேரு எங்கன்னு தெரியல. போட்டுக் குடு."

போட்டுக் கொடுத்தேன். ஒரே மணியில் அவள் எடுத்துவிட்டாள்.

"ஜனெல், அப்பா பேசறேன். அம்மா நல்லா இருக்கா. குழாய் சுத்தமாத்தான் இருந்துச்சு, நான்தான். நாளைக்குக் கிளம்பி வர்றோம். எனக்குன்னு ஏதோ இடம் பேசி வச்சிருக்கேன்னு அன்னிக்கு போன்ல சொன்னியே, அது சரின்னு சொல்லிடு. அம்மாவுக்கு வீடு அதுக்குப் பக்கத்துல பாரு, நடந்து வர்ற தூரத்துல இருக்கட்டும்."

"நான் எதுக்கு நடந்து வரணும்?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. "ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ரூம் குடுக்கச் சொல்லு. நானும் அங்கயே இருக்கேன். தனியா எந்த வீட்ல நான் குப்பை கொட்டப் போறேன்? கேளு அவகிட்ட."

லயல் போனின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டான். என்னைத்தான் பார்த்தான், யார் என்று தெரிந்து, முழுசாகத் தெரிந்து பார்த்தான்.

"நீ பக்கத்துல இருந்தா உனக்குத் தண்ணி, மாத்திரைன்னு ஏதாவது எடுத்துக் குடுக்கணும்னு எனக்குத் தோணும் வெர்னா," என்றான். "தோணிச்சுன்னா செஞ்சுடுவேன்."

போனுக்குள் ஜனெல் "அப்பா, அப்பா, லைன்ல இருக்கீங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.